தம்பிக்குக் கொடுத்த சிறுநீரகம்

என் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் அது அவனிடம் வேலை செய்தது.

சத்திரசிகிச்சைக்கு முன்னால் தம்பி, அவன் மனைவி, நான் மூவரையும் உட்கார வைத்து டொக்டர் விளக்கினார். நோய்க்கிருமி உள்ளே வந்தால், இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் அதை அந்நியன் என்று கண்டுபிடித்து அழிக்குமாம். அக்காவின் சிறுநீரகமும் அவற்றுக்கு அந்நியன்தான். அந்தக் காவலை அடக்கி வைக்க, ஆயுள் முழுக்கக் காலையும் மாலையும் குளிசை போட வேண்டும். காவல் குறைந்த உடம்பு என்பதால் தடிமன், இருமலோடு யாரும் கிட்டே போகக்கூடாது. கூடப்பிறந்த பாசம் இரத்தத்துக்குத் தெரியாது என்பது எனக்கு அன்றே கசந்தது.

நோயாளியைப் போய்ப் பார்க்காவிட்டால் எங்கள் சனத்துக்குச் சோறு இறங்காது. தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து அம்பிட்டிய வீட்டுக்கு வந்த மறுவாரமே கெலிஓயாவிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தங்கள் வந்தார்கள். கையில் அப்பிளும் பால்மாவும். பெரியப்பா இருமிக்கொண்டே இறங்கினார். நான் வாசலில் மறித்து, "கொல்லவா வந்தீங்க?" என்று கத்தினேன்.

"கிட்னி குடுத்ததுக்கு இவ்வளவு திமிரா?" என்று அப்படியே திரும்பிவிட்டார்கள். உள்ளே கதிரை போட்டு வைத்திருந்த தம்பி மனைவியின் முகம் செத்துவிட்டது. எனக்கு அதில் பெருமைதான். அதற்குப் பிறகு அங்கே போகும்போதெல்லாம் அவளையும் நான் விடவில்லை. கைமருந்து என்று கொத்தமல்லி அவித்தால் ஏச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கினால் ஏச்சு.

போன மழைக்குத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசையைக் காய்ச்சலோடு விழுங்கலாமா என்று அவனுக்கும் மனைவிக்கும் பயம். யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டார்கள். கொத்தமல்லியும் குடித்தான். காய்ச்சல் விட்டதும் தெம்பாகத்தான் இருந்திருக்கிறான். குளிசையை அப்படியே விட்டுவிட்டான். அடங்கிக் கிடந்த காவல் எழுந்து என் சிறுநீரகத்தைத் தேடிப் பிடித்துவிட்டது. கால் வீங்கிய பிறகுதான் எனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மெஷினில்தான் அவன் இரத்தம் சுத்தமாகிறது. கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லை. போன கிழமை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "போன்ல ஒரு கோல் எடுத்து என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க ஏசுவீங்கன்னுதான் கேக்கலக்கா."

அதற்கும் ஏசினேன்.