அவர் சொல்லாத வார்த்தை

என் கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவருடைய மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் முதலியார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பகலில் அரசு அலுவலகத்தில் கிளார்க், சாயங்காலமானால் மேடைப் பாடகர் என்று வாழ்ந்தவர் என் கணவர். அவருக்குப் பக்கத்தில் நின்று இருபது வருடம் வாசித்தவர் இவர். உட்கார்ந்ததும் போனை எடுத்து நீட்டினார்.

"அண்ணி, இதக் கொஞ்சம் கேளுங்க."

போனில் என் கணவர் பாடினார். நான் கேட்டே இராத பாட்டு. பழைய கச்சேரிப் பதிவுகளைக் கொடுத்து, ஏஐ மூலம் அவர் குரலைச் செய்திருக்கிறார்களாம். பிள்ளைச்சாவடி கோயில் திருவிழாவில் அவர் இருந்தவரை வருடா வருடம் முதல் பாட்டு அவருடையதுதான். இந்த வருடம் மறுபடி அப்படியே தொடங்க வேண்டும் என்று குழுவில் ஆசைப்பட்டார்கள்.

"நீங்க சரின்னு சொன்னாதான் போடுவோம்," என்றார்.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் 'மழை' என்ற சொல் சுத்தமாக வந்தது. என் கணவருக்குக் கடைசிவரை அது 'மளை'தான். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகுவார். மேடையேறினால் மறுபடி 'மளை'.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போகுமுன் அந்த ஆப்பை என் போனிலும் போட்டுக் கொடுத்தார். "நீங்க எழுதறத அப்படியே அண்ணன் கொரல்ல பேசும். சும்மா வச்சிக்குங்க."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வாய் திறந்து பேசுவது பால்காரரிடமும் கீரைக்கார அம்மாவிடமும்தான். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று எழுதினேன். போனிலிருந்து அவர் கேட்டார்.

"வத்தக் கொழம்பு," என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்று கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

பிறகு அது தினமும் நடந்தது. ஒரு நாள் இப்படி எழுதினேன்: "உங்கம்மா சாவுக்கு நான் வந்திருக்கணும். தப்புதான்."

என் அம்மா இறந்த அன்று அவருக்குக் கடலூரில் கச்சேரி. ஒத்துக்கொண்டதை விட முடியாது என்று போய்விட்டார். காரியத்துக்குத்தான் வந்தார். அதன்பின் அவர் இருந்தவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

போன் அதைச் சொன்னது. நான்கு தடவை கேட்டேன். முதல் மூன்று தடவையும் அழுதேன். நான்காம் தடவை வெட்கமாகிவிட்டது. என் சொல்லை அவர் வாயில் வைத்துவிட்டு, அவரே சொன்னதுபோல ஆறுதல் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. சண்டை போட்டிருக்கவும் கூடும்.

மறுநாள் கீபோர்டுக்காரரை வரச் சொன்னேன்.

"பாட்டு வேணாங்க," என்றேன்.

"ஏன் அண்ணி? அண்ணனுக்குப் பெருமதானே?"

"அவரு அதப் பாடவே இல்லையே. அவரக் கேக்கவும் முடியாது. அவரு கொரலுக்கு நான் எப்டி சரி சொல்றது?"

என் போனை நீட்டினேன். "இதுலேருந்தும் எடுத்துடுங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." செய்ததைச் சொன்னேன்.

தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "நானும் பண்ணேன் அண்ணி," என்றார். "நல்லா வாசிக்கறடான்னு அண்ணனச் சொல்ல வச்சேன். உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் அவரு அப்டிச் சொன்னதில்ல."

இரண்டு போனிலிருந்தும் அவரே அழித்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

திருவிழாவுக்குப் பஸ் ஏறிப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முதல் பாட்டைப் பாடினாள். இரண்டாவது வரியில் தடுமாறி, மறுபடி தொடங்கினாள். பக்கத்தில் நின்ற மீன்காரப் பெண்மணிக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"அவரு கொரலப் போடப்போறாங்கன்னு சொன்னாங்களே?"

"நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்மா? அதுக்குத்தான் சீக்கிரமா வந்து நின்னேன்," என்றாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பாதியிலேயே கிளம்பினேன். அவர் பாட்டை அவ்வளவு ஆசையாகக் கேட்க வந்தவளை ஏமாற்றிவிட்டேனே என்பது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உறுத்தியது. ஆனாலும் குழுவில் மறுபடி வந்து கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.