நாலாவது பிடி

எங்கள் வீட்டில் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பிடி அரிசியை அள்ளி, தனியாக வைத்திருக்கும் தூக்குவாளியில் போட வேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு "தோத்திரம் ஆண்டவரே". பிடியரிசி என்போம். சனிக்கிழமை சாயங்காலம் கோயில்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போவார். அவர்தான் எங்கள் சபையில் மணி அடிப்பவர், கூட்டிப் பெருக்குபவர், சபைப் போதகரான ஐயர் வரப் பிந்தினால் பாட்டை ஆரம்பித்து வைப்பவரும் அவர்தான். அந்த அரிசி ஞாயிறு ஆராதனையில் படைக்கப்பட்டு, பிறகு இல்லாத வீடுகளுக்குப் போகும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. வாங்கித் தின்ற வீடு கொடுக்கிற வீடாக ஆனதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஆலங்குளத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். அம்மா காலமான பிறகு அப்பாவும் நானுமாக இரண்டு பிடிதான் போட்டுவந்தோம். என் மனைவி வந்து மூன்றாக்கினாள்.

போன சீசனில் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்த ஒரு நாள், அவளுக்கு வலி கண்டது. எட்டாம் மாதம். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் மாட்டி, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"பிழைச்சுக்கிடுவாளா டாக்டர்?"

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

"ஒரு சதவீதமாச்சும் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கு வாத்தியாரா?"

"ஆமா."

"அதான பாத்தேன். நுரையீரல் இன்னும் முதிரல. அவளா மூச்சு விடப் பழகணும். பொறுத்துத்தான் பாக்கணும்."

துணைக்கு என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நான் காலையில் வீட்டுக்கு வந்து சோறு பொங்கி எடுத்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு. பாட்டும் ஜெபமும் பழகிய வாய்தான் எனக்கு. ஆனால் அந்த நாட்களில் ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னால் சும்மா நிற்பேன்.

அப்படி நின்ற ஒரு காலையில் மனைவி போன் செய்தாள்.

"பிடியரிசி எடுத்தீயளா?"

"எடுத்தாச்சு."

"எத்தன பிடி?"

"எத்தனயா? எப்பவும் போல மூணுதான். அப்பாக்கு, எனக்கு, ஒனக்கு."

"நாலு எடுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. "ஏட்டி, அவ வீட்டுக்கு வரட்டும். வந்த அன்னைக்கே எடுப்போம். இப்பம் நாலு போட்டுட்டு, பெறகு மூணா கொறைக்க வேண்டி வந்துட்டுன்னா...?"

"வந்தா அன்னைக்கு அழுவோம். இன்னைக்கு அவ இருக்காளா, இல்லையா?"

"இருக்கா."

"பெறகென்ன? பிழைச்சா தோத்திரம் சொல்லுதேம்னு ஆண்டவருகிட்ட பேரம் பேச என்னால ஆவாது. நமக்குப் பிள்ளை தந்துருக்காரு. அதுக்குச் சொல்லுங்க."

தையல் போட்ட உடம்போடு, பால் கட்டிய வலியோடு, பெற்ற பிள்ளையை இன்னும் ஒரு தடவைகூட மடியில் வாங்காதவள் இதைச் சொன்னாள். என் மனைவியைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதற்கு இந்த ஒன்று போதும்.

நான் அரிசிப் பானைக்குள் கையை விட்டதை அப்பா பார்த்துவிட்டார்.

"என்னலே, இன்னொரு தரம் அள்ளுத?"

"பிள்ளைக்குப்பா."

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம்லே. வீட்டுப்படி ஏறாத பிள்ளைய தலைக்கணக்குல சேக்கப்புடாது. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்..." என்று வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். சொல்ல வந்தது அவருக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பில் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த தீயைத் தள்ளிவிடக் குனிந்தார்.

"ஒம்ம மருமவதாம்ப்பா எடுக்கச் சொன்னா."

"அவளா?" பானைக்குள் எட்டிப் பார்த்தார். "செரி. யாரு கையளவுக்கு? ஒன் கையா, பிள்ளை கையா? அவ கைக்கு நாலு மணி அரிசிதாம்லே நிக்கும்."

அத்தனை நாளைக்கப்புறம் இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே என் கையளவுக்கு அள்ளினேன். "தோத்திரம் ஆண்டவரே" என்றேன். அன்றுதான் அதற்கு மேலும் வார்த்தை வந்தது. பயமாக இருக்கிறது என்று ஆண்டவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். பிள்ளையின் மூக்கு எப்படி இருக்கிறது, விரல் எப்படி இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? இருந்தும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை கோயில்பிள்ளை வந்து தூக்குவாளியைச் சாக்கில் கவிழ்த்தார். கவிழ்த்தவர் கை நின்றது.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல ஆளு கொறஞ்சிருக்கு, அரிசி கூடியிருக்கு? மருமவ ஆஸ்பத்திரியிலல்லா கெடக்கா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்க ஆள் கூப்பிடுகிற அதே சத்தம், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"எங்க வீட்டுல நாலு பேருவே! ஐயருகிட்டயும் நாலுன்னே சொல்லும்!"

கோயில்பிள்ளை சாக்கைக் கட்டிக்கொண்டே, "சொல்லிருதேன், சொல்லிருதேன். அதுக்குன்னு என் காதக் கிழிச்சிராதேயும்" என்றார். மறுநாள் ஆராதனையில் ஐயர் எங்கள் குழந்தைக்காக ஜெபிக்கும்போது, இந்தக் குடும்பத்தின் நான்காவது ஆள் என்றே சொல்லி ஜெபித்தார். பக்கத்தில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய நேரத்தில் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் நல்ல செய்தி உடனே வரவில்லை. ஒரு நாள் குழாயை எடுத்தார்கள், மூச்சுத் திணறியது, மறுபடி மாட்டினார்கள். நாங்கள் நாலு பிடி எடுப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் குழாயை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்கள். அவளாகவே மூச்சு விட்டாள். இனித் தாயின் நெஞ்சுச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். என் மனைவிக்கோ அன்று காய்ச்சல்.

செங்கோட்டைப் பக்கத்து நர்ஸ் ஒருவர் வெளியே வந்து, மலையாளம் கலந்த தமிழில், "மோளோட அப்பா யாரு?" என்று கேட்டார்.

எழுந்தேன்.

"சட்டையக் கழத்திட்டு வாங்க. செண்டு, எண்ணெய் ஏதாவது தேச்சிருக்கீங்களா?"

"இல்ல சிஸ்டர். எங்கப்பா ஊருக்கெல்லாம் தேப்பாரு, எனக்குத் தேக்க மாட்டாரு."

"பாத்துக்கம்மா, நெஞ்செல்லாம் முடி, பிள்ளைக்குக் கூசப்போவுது" என்று கதவருகே நின்ற அப்பா சொன்னார்.

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, என் நெஞ்சின் மேல் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, துணியால் சுற்றிக் கட்டினார் சிஸ்டர். கனமே இல்லை. சூடு மட்டும் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், அவளுடையது எனக்குக் கேட்க வேண்டுமே. சின்னச் சின்னதாக, வேகமாக, யார் உதவியும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"நீங்க மூச்சு விடுங்க சார்" என்றார் சிஸ்டர். "பயமா இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்."

"பின்ன எதுக்குச் சிரிக்கீங்க?"

"எம் மவ சிஸ்டர்" என்றேன்.