எங்கள் வீட்டுக்கு வராத புதன்கிழமை

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் தாயாரின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு எங்கள் இல்லம் வந்திருக்கும் உறவினருக்கும் சபையாருக்கும் மகன் எழுதுவது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது ஆம்பூருக்குப் பக்கத்தில், ஊருக்கு வெளியே தள்ளி இருந்த தெருவில். அது எந்தத் தெரு என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். கலியாணமாகிப் பெங்களூர் வந்தார்கள். அப்பா ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். அம்மா அங்கே பாத்திரம் துலக்கினார்கள். தோட்டத்துக் கோடியில் ஓர் அறை. நாற்பத்தேழில் துரை கப்பலேறியதும் அந்த அறையும் போயிற்று. துரைசாணி ஆறு பீங்கான் கோப்பைகளை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடுகோடி, ஜீவனஹள்ளி என்று வாடகை வீடுகள் மாறினோம். அரிசிப் பானைக்குள் உட்கார்ந்து கோப்பைகளும் வந்தன. யாரும் தொடக்கூடாது. "சபை நம்ம வூட்டுக்கு வர்றப்ப எடுக்கலாம்" என்பார்கள்.

எங்கள் சபையில் புதன்கிழமைதோறும் மாலை ஒருவர் வீட்டில் ஜெபம். முடிந்ததும் அங்கேயே டீ. யார் வீட்டு முறை எப்போது என்று கோயில் கதவில் பட்டியல் ஒட்டுவார்கள். அம்மா எல்லார் வீட்டிலும் முழங்கால் போட்டார்கள். எங்கள் முறை மட்டும் வரவில்லை. "சொந்தமா ஒரு எடம் ஆவட்டும்மா, வர்றோம்" என்றார்கள் சபையார். அப்பா காலமான பிறகு, நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி வேலைக்குப் போய், லிங்கராஜபுரத்தில் இந்த ஓட்டு வீட்டைக் கட்டினோம். அம்மாவும் சித்தாளாக மண் சுமந்தார்கள்.

கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று அந்த வருஷம் பட்டியல் எழுதும் வேலையைச் சபைச் செயலாளர் எனக்குக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், "எங்க வீடு, சார்?" என்றேன்.

"ஜெபத்துக்கு என்னப்பா, எங்க வேணா பண்ணலாம். அப்புறம் உங்கம்மா டீ குடுப்பாங்களே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிறன்று அம்மா கதவருகே நின்று, "நம்ம பேரு எங்கடா கீது?" என்றார்கள். கடைசி வரியில் விரலை வைத்தேன். அது வேறொருவர் பெயர். அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை.

அந்தக் கடைசிப் புதன் வந்தது. நான் ஆபீஸ் விட்டு வந்தபோது இரவல் பாய் விரித்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் பாட்டு ஆரம்பித்தது.

"அது யாரு வூடு?"

"அந்தக் கடைசி வரி... அவங்க வீடும்மா."

"அப்போ நான் கண்ணுல ஒத்திக்கிட்டது அவங்க பேரா?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பக்கத்து வீட்டுக் கங்கம்மா எட்டிப் பார்த்து, "யாக்கம்மா, ஏன் இவ்ளோ பாலு வீணாப் போவுது? எங்களுக்கெல்லாம் வாயில்லியா?" என்றார். அவரும், எதிர்வீட்டு ஜட்கா வண்டிக்காரர் பாஷா பாயும் வந்து உட்கார்ந்தார்கள். "தொர குடிச்ச கப்பா இது? நாளையிலருந்து குதிரையை இங்கிலீஷ்லதான் அதட்டணும்" என்றார் பாய். அம்மா சிரித்தார்கள். அதன் பிறகு புதன் ஜெபத்துக்குப் போகவில்லை. பட்டியலைப் பற்றி என்னிடம் கேட்கவுமில்லை. எதையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை, வேதாகமத்தைக்கூட.

கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தார்கள். அடக்கத்தன்று சபை முழுவதும் இந்த வீட்டுக்கு வந்தது. போதகர் ஐயா, "இந்தத் தாயாருக்குச் சபையே வீடு" என்று பிரசங்கித்தார். சாவு வீட்டில் யாரும் எதுவும் குடிப்பதில்லை. ஆகவே அன்று எவரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

படுத்திருந்த நாளெல்லாம் கஞ்சி ஊட்டிய கங்கம்மா அக்காவுக்கும், கையில் தூக்கி வண்டியேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாஷா பாய்க்கும் நன்றி. பட்டியல் எழுதிய கைக்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அம்மா மறைந்த நாள் நேற்று. ஜெபத்தை நான்தான் இன்றைக்குத் தள்ளி வைத்தேன். இன்று புதன்கிழமை. இது சாவு வீடும் அல்ல. ஜெபம் முடிந்ததும் டீ வரும். கோப்பை ஆறுதான்; கழுவிக் கழுவித் தருவோம், பொறுத்துக்கொள்ளவும். சபையார் குடித்துவிட்டுப் போகவும்.