ஒன்பது மணிக் குளிசை: கொக்கிளாயிலிருந்து வவுனியாவுக்கு

ஈரல் மாற்றிய ஒருவரை இரத்தப் பரிசோதனைக்காகக் கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றுலாக் குறிப்பு தேடி வந்தவர்கள் வேறு பக்கம் பார்க்கலாம்.

என் அண்ணன் ஜெராட் கடற்றொழிலாளி. இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் என் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி அவருக்கு வைத்தார்கள். அந்தத் துண்டை அவர் உடம்பு தாக்காமலிருக்கக் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் மருந்துக் குளிசை விழுங்குவார். அளவு சரியா என்று பார்க்க மாதம் ஒருமுறை வவுனியாவில் இரத்தம் எடுக்க வேண்டும்.

பங்குனியில் அதிகாலை 4.40க்குக் கொக்கிளாயில் பஸ் ஏறினோம். முல்லைத்தீவு நாற்பது கிலோமீற்றர் சொச்சம், ஆளுக்கு 210 ரூபா, 6.10க்கு இறங்கினோம். 6.30க்கு வவுனியா பஸ், 430 ரூபா. 8.45க்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நெடுங்கேணி தாண்டியதும் டயர் போனது. பத்து நிமிடத்தில் வெளிக்கிடலாம் என்றார் சாரதி. ஒன்றரை மணித்தியாலம் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பத்து நிமிடத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம்.

சரியாக ஒன்பதுக்கு அண்ணன் குளிசையை எடுத்தார்.

"நேரம் பிசகக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். தண்ணியைத் தா, தங்கச்சி."

போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில் 10.40க்கு இரத்தம் எடுத்தார்கள். குளிசை போட்டாரா என்று எவரும் கேட்கவில்லை. போடுவதற்கு முன்தான் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்கும் உறைக்கவில்லை. அதுவரை பஸ் நேரத்துக்கு வந்ததால், இரத்தம் கொடுத்த கையோடு விழுங்கிப் பழகியவர் அண்ணன். அப்போதுதான் விழுங்கிய குளிசையால், இரத்தத்தில் மருந்து கூடிப்போனதாக முடிவு வந்தது. கொழும்பிலிருந்து போனில் அளவைப் பாதியாக்கினார்கள். அடுத்த பரிசோதனைக்கு முன்பே கண் மஞ்சளாகிவிட்டது.

கொழும்பு டொக்டர் படம் கீறி விளக்கினார். எவரும் பழக்காமலே பிறவியிலிருந்து காவல் நிற்கும் கலங்கள், அதாவது செல்கள், உடம்பில் உண்டாம். என் துண்டோடு என்னுடைய காவலரும் போயிருந்தார்கள். ஐஸில் இருந்த துண்டில் மறுபடி இரத்தம் பாய்ந்த அன்றே அவர்கள் கலவரப்பட்டு ஈரலை வீங்க வைத்தார்கள். அந்தக் கிழமையை அண்ணன் தாண்டிவிட்டார். இப்போது மருந்து குறைந்ததும், அண்ணனின் காவலர் என் துண்டை அந்நியமென்று காட்டிக்கொடுக்க, காட்டியதைத் தாக்கப் பழகிய மற்றக் கலங்களின் படை வந்து பித்தக் குழாய்களை அழித்துவிட்டது. காட்டிக்கொடுப்பது என்றால் என்னவென்று போர் கண்ட வன்னியில் விளக்கத் தேவையில்லை. இனி இன்னொரு ஈரல்தான் வழி என்றார்.

கடந்த செவ்வாயும் அதே பஸ்சில் போனோம். வழியில் கச்சான் கடலை வாங்கித் தின்ற காலமெல்லாம் போய், அண்ணன் ஜன்னலில் தலை சாய்த்தபடி இருந்தார்.

"இன்னொருக்கா உன்னட்டை வெட்டேலாதோ?"

பகிடியாகத்தான் கேட்டார். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி எடுக்க மாட்டார்கள். என்னுடையது திரும்ப வளர்ந்து நிறைந்துவிட்டதாம். அது எனக்கு மட்டும்தான் உதவும்.

போகிறவர்கள் முடிந்தால் முதல்நாளே வவுனியாவில் தங்குங்கள். பஸ் பிந்தினால் உடனே உங்கள் டொக்டருக்குப் போன் எடுங்கள். கடைசிக் குளிசை போட்ட நேரத்தை, அவர்கள் கேட்காவிட்டாலும், சொல்லி எழுதுவியுங்கள். தண்ணீர்ப் போத்தலை நான் இப்போது பையின் அடியில் வைக்கிறேன். இரத்தம் எடுத்து முடியும்வரை, அண்ணன் கேட்டாலும் திறப்பதில்லை.