எக்ஸ்ரேயின் கையை யார் கட்டுவது

என் தங்கை எலும்பு வார்டில் மாவுக்கட்டு போடுகிறாள். பதினாறு வருடமாக அதே அறை, அதே இரும்பு மேசை, அதே வாளி. டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் ஆறு வாரம் அந்த எலும்பு நகராமல் இருப்பது அவள் கைப்பக்குவம். முதலில் பஞ்சைச் சுற்றுவாள். அதன்மேல் நனைத்த கட்டுத்துணியை உருட்டிக்கொண்டே போவாள். கடைசியில் உள்பஞ்சை வெளியே இழுத்து ஓரத்தின்மேல் மடித்துவிடுவாள். மடிக்காவிட்டால் கட்டின் விளிம்பு ஆறு வாரமும் தோலை அறுக்கும். அவசரத்தில் நிறையப் பேர் மடிப்பதில்லை. என் தங்கை ஒருவரையும் மடிக்காமல் அனுப்பியதில்லை. தங்கை என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன், கால்சட்டை ஓரம் மடிப்பதுதான் என் பிழைப்பு. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஓரத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'மாவு' என்றுதான் பேர். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

மாவிடம் ஒரே ஒரு குறை உண்டு, பொறாமை. பொருளில் கிடையாது. எதிர்வீட்டில் நாலு மாடி எழும்பினாலும் அண்ணாந்து பார்க்க மாட்டாள். மனுஷர்களில்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் ஒரு நாள் தலை பின்னிவிட்டேன். அதற்காக இரண்டு நாள் யாரையும் தன் தலையைத் தொடவிடாமல் பறட்டையாகத் திரிந்தாள். அவளுக்கு வேண்டியவர்கள் அவளுக்கு மட்டும்தான் வேண்டியவர்களாக இருக்கவேண்டும். அப்படி வேண்டியவர்களும் கூட்டம் இல்லை. நான் ஒருத்தி, எக்ஸ்ரே ஒருத்தி.

எக்ஸ்ரே என்பவள் கட்டறைக்கு எதிர் அறையில் படம் எடுப்பவள். பதினோரு வருட சிநேகிதம். மாவு கட்டுவாள், இவள் படம் எடுத்து எலும்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒருத்தி வேலைக்கு மற்றவள் சாட்சி.

ஆறு வருடத்துக்கு முன்னால் எக்ஸ்ரே ஏதோ ஒரு கடையில் சுஷி என்கிற ஜப்பான் சோற்றுச் சுருளைத் தின்றுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஏய் மாவு, இன்னைக்கு ஒருத்தன் உன் வேலைய சோத்துல செஞ்சுக்கிட்டு இருந்தான்டி! கைய நனைக்கிறான், பரப்புறான், சுருட்டுறான், அமுக்குறான். கட்டுத்துணிக்கு பதிலா கடல்பாசித் தாள். அவ்வளவுதான் வித்தியாசம்."

"உள்ள எலும்பு?"

"வெள்ளரிக்கா."

அன்றிலிருந்து மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் சுஷிதான். பச்சை மீன் எங்களுக்குத் தொண்டையில் இறங்காது. வெள்ளரி, கேரட், முட்டை, டின் மீன், இவ்வளவுதான். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை ஏழெட்டுத் தடவை கழுவிக் குழைய வேகவைத்து, காடியும் சர்க்கரையும் உப்பும் கலந்து, கடையிலிருந்து நான் கொண்டுவரும் அட்டையால் விசிறி ஆறவைப்பது எக்ஸ்ரேயின் வேலை. மூங்கில் பாயின்மேல் தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சோற்றைப் பரப்பி, அந்தக் கோடியில் ஒரு விரல் அகலம் விட்டுச் சுருட்டுவது இருவரும். அதில் மாவை அடிக்க ஆள் கிடையாது. இறுக்கினால் வெடிக்கும், தளர்ந்தால் பிரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது என்பாள். அந்தப் பிடி அவளுக்குப் பிறவியிலேயே உண்டு.

வெட்டுவது நான். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியால் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் சோறு அப்பிக்கொண்டு தாளைக் கிழித்துவிடும். ஒரு சுருளுக்கு எட்டுத் துண்டு, தவிர இரண்டு ஓரம். ஓரத் துண்டில் உள்ளே வைத்ததெல்லாம் தலைவிரி கோலமாக நீட்டிக்கொண்டிருக்கும். தட்டில் வைக்க லாயக்கில்லை, ஆனால் ருசியெல்லாம் அதில்தான். சுருட்டினவள் ஒரு ஓரத்தைத் தானே தின்று, மற்றதைத் தன் கையால் ஊட்டுவாள். மாவு எக்ஸ்ரேக்கு ஊட்டுவாள், எக்ஸ்ரே மாவுக்கு ஊட்டுவாள். ஆறு வருடமாக இதில் மாற்றம் இருந்ததில்லை. எனக்குப் பலகையில் உதிர்ந்தது போதும்.

இந்த வருடம் நாலாவதாக ஒருத்தி வந்தாள். கட்டுப் பிரித்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து மாறி வந்தவள். நாள் முழுக்க "நீட்டுங்க, மடக்குங்க" என்று சொல்வதால் எக்ஸ்ரேதான் 'நீட்டு' என்று பேர் வைத்து வீட்டுக்கும் கூட்டிவந்தாள். நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நிற்காது. வந்த அன்றே தட்டைப் பார்த்து என்னிடம், "அக்கா, உங்க துண்டெல்லாம் ஒரே பக்கமா சாயுதே, காத்தடிச்ச பயிர் மாதிரி" என்றாள்.

மாவு வெடுக்கென்று, "கடையில அப்படித்தான் வெட்டுவாங்க. தெரியாட்டி கேட்டுக்க" என்றாள்.

நீட்டு அதோடு விடவில்லை. என் இடது மணிக்கட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் கைய நீட்டுங்களேன்" என்றாள். நான் காடி பாட்டிலை மூடும் சாக்கில் எழுந்துகொண்டேன்.

அவள் வந்த மூன்றாம் மாதம் அது நடந்தது. எக்ஸ்ரே சுருட்டினாள், நான் வெட்டினேன். அவள் ஓரத் துண்டை எடுத்தாள். மாவு வழக்கம்போல் வாயைத் திறந்தாள். எக்ஸ்ரே ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே துண்டை நீட்டுவின் வாயில் வைத்தாள். திறந்த வாயை மாவு ஒரு கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

நான் கேட்டேன், "ஒரு வாய் சோறுடி. அதுக்கா இவ்வளவு?"

"சோறா? எனக்கென்ன சோத்துக்கா பஞ்சம்? அவ யாருக்கு வேணா ஊட்டட்டும். தொட்டில் கட்டி ஆட்டட்டும்."

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு, இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாயை விரித்தாள். எக்ஸ்ரே சோற்றை விசிறிக்கொண்டே, "அடுத்த மாசம் என்னால சுருட்ட முடியாதுப்பா. வலது மணிக்கட்டுல ஆபரேஷன். நாள் குறிச்சாச்சு" என்றாள். நோயாளிகளைத் தூக்கித் திருப்பியே அவள் மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு விலகியிருந்தது. எங்களுக்கும் தெரிந்ததுதான்.

மாவின் கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை. "எந்தக் கிழமைடி? அன்னைக்கு நான் வேற கேஸே எடுக்க மாட்டேன். பஞ்சு புதுசா பிரிச்சு வச்சிடறேன். முழங்கை கீழ வரைக்கும் போதும்ல?"

எக்ஸ்ரே விசிறியை நிறுத்தவில்லை. "இங்க இல்ல மாவு. நீட்டு முன்னாடி இருந்த ஆஸ்பத்திரில."

"சரி, டாக்டர் கெட்டிக்காரரா இருப்பாரு. வெட்டட்டும், தைக்கட்டும். கட்டு யாரு போடுறது?"

"அங்கயே போட்டுருவாங்க. ஆள் இருக்கும்ல."

"ஆளா?"

நீட்டு குறுக்கே புகுந்தாள். "அங்க நல்லாவே போடுவாங்க மாவக்கா."

"நான் உனக்கு அக்கா இல்ல. நீ வெள்ளரிக்காய நறுக்கு."

பேசிக்கொண்டே மாவு பாயைப் பிடித்துச் சுருட்டினாள். அந்தப் பிடி அன்று அவள் கையில் இல்லை. சடாரென்று சுருள் நடுவில் வெடித்து, டின் மீன் நீட்டுவின் சட்டையில் தெறித்தது. ஆறு வருடத்தில் மாவின் சுருள் வெடித்தது அதுதான் முதல் தடவை.

"குடிகாரன் கைய கட்டியிருக்கேன். திருடன் கைய கட்டியிருக்கேன். போலீஸ்ல கைவிலங்கோட ஒருத்தன கூட்டிட்டு வந்தாங்களே, அவன் கையகூட கட்டினேன். எனக்குன்னு இருக்கறது ஒரு சிநேகிதி. அவ கைய எவளோ கட்டுவா. நான் இங்க உக்காந்து வெள்ளரிக்காயக் கட்டணுமா?" பாயை எக்ஸ்ரே பக்கம் தள்ளினாள். "வெளிப்படையா சொல்லிடு. பழசு புளிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டுப் போ. பாயையும் எடுத்துட்டுப் போ."

எக்ஸ்ரே விசிறியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அவள் வாயைக் கட்டிப்போட்டவள் நான்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால் கடையில் மேல்தட்டுத் துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்தது. மாவு வேறு யாரையும் தொடவிடவில்லை. ஆனால் கைவிலங்கோடு வந்தவன் கையைக் கட்டியபோது நடுங்காத கை, என் கையைக் கட்டும்போது நடுங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் "வலிக்குதாக்கா?" என்றாள். நான் ஒரு தடவை "ஆமா" என்று சொல்லிவிட்டேன். தளர்த்திவிட்டாள். வீக்கம் வடிந்ததும் கட்டுக்குள் கை ஆடியது. மாவு காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் போய்ப் படம் எடுத்தோம். எலும்பு கொஞ்சம் விலகி ஒட்டியிருந்தது. வேலைக்குக் குறைவு வராது, விட்டுவிடலாம் என்றார் டாக்டர். படம் எடுத்தது எக்ஸ்ரே. இது மாவுக்குத் தெரியக்கூடாது என்று அவளிடம் கையைப் பிடித்து வாக்கு வாங்கினேன். தெரிந்தால் அவள் அந்த அறைக்கே போகமாட்டாள் என்று பயந்தேன். அதோடு, என் தங்கை போட்ட கட்டு கோணிப்போயிற்று என்று ஊரில் ஒரு வாய் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தேன். இரண்டு கைகளையும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது கை சரியாகப் படியாது. பெருவிரல் பக்கம் ஒரு நூலளவு தூக்கி நிற்கும். சுருளைப் பிடிப்பது அந்தக் கைதான். துண்டுகள் சாய்வது அதனால்தான்.

"அவ உன்னை வேண்டாம்னு போகலடி. என் கையப் பாத்துட்டுத்தான் போறா. உனக்கு வேண்டியவங்கன்னா உன் கை நடுங்கும்" என்றேன்.

மாவு என் கையைப் பார்க்கவே இல்லை. வெடித்த சுருளைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உன் கையில இருந்த கட்ட வெட்டி எடுத்தது யாரு? நான்தானே? பதினாறு வருஷமா கைய மட்டுமே பாத்துக்கிட்டு இருக்கவளுக்கு அக்கா கை தெரியாதா? மாசாமாசம் தட்டுல வேற வந்து சாயுது." மூக்கை உறிஞ்சினாள். "நீ சொல்லல. நானும் கேக்கல."

நாலு வருடமாக நான் முழுக்கைச் சட்டை போட்டது வீண். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மாவு எக்ஸ்ரே பக்கம் திரும்பினாள். "அதுக்குத்தான்டி உன் கை எனக்கு வேணும். எனக்கு வேண்டியவங்க கைய ஒரு தடவையாவது நான் ஒழுங்கா கட்டணும்."

"நல்லா இருக்கே! நீ கட்டிப் பழகறதுக்கு என் எலும்புதான் கிடைச்சுதா?"

"பின்ன யாரு எலும்பு? இவ எலும்பா?" என்று நீட்டுவைக் காட்டினாள். "இவ எலும்புன்னா என் கை நடுங்கவே நடுங்காது. கண்ண மூடிட்டுக் கட்டுவேன்."

நீட்டு கோபித்துக்கொள்ளவில்லை. சட்டையில் தெறித்த மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மொதல் ரெண்டு வாரம் பாதிக் கட்டுதானே போடுவாங்க. தையல் பிரிச்ச பிறகுதான் முழுக் கட்டு. அத இங்க வந்து போட்டுக்கிட்டா என்ன?" என்றாள்.

எக்ஸ்ரே யோசித்தாள். "அதுக்குள்ள எலும்பும் கொஞ்சம் கூடியிருக்கும்" என்றாள். யோசனை நல்ல யோசனை. அது வந்த வாய்தான் மாவுக்குப் பிடிக்கவில்லை. "அத நானே சொல்ல வந்தேன்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் கடையைப் பூட்டிவிட்டு நானும் கட்டறைக்குப் போனேன். எக்ஸ்ரே மேசையில் கையை நீட்டினாள். நீட்டு முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் போட்ட பாதிக் கட்டைப் புரட்டிப் பார்த்த மாவின் முகம் மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

"யாரு கட்டினது இது? ஓரமே மடிக்கல பாருக்கா! தோல் எப்படிச் சிவந்திருக்கு பாரு! நல்லா போடுவாங்கன்னு ஒருத்தி சொன்னாளே, யாரு அது?"

நீட்டு கூரையைப் பார்த்தாள்.

மாவு பஞ்சைச் சுற்றினாள். துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். முதல் சுற்றில் அவள் விரல் நடுங்கியது. நானும் பார்த்தேன், எக்ஸ்ரேயும் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் எக்ஸ்ரே, "வலிக்குதுடி" என்றாள்.

மாவின் கை ஒரு நொடி நின்றது.

"வலிக்கட்டும்" என்றாள். தளர்த்தவில்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். பிறகு பஞ்சை இழுத்து ஓரத்தை மடித்தாள். நானும்கூட அவ்வளவு சீராக மடிக்க மாட்டேன். எதிர் அறையில் வேறொருவர் எடுத்த படத்தை எக்ஸ்ரே இடது கையால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நேரா இருக்கு" என்றாள். மாவு அந்தப் படத்தை வாங்கித் தானும் பார்த்தாள். என்னிடமும் காட்டினாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு மாவு மட்டும்தான் சுருட்டினாள். நான் வெட்டினேன். துண்டுகள் வழக்கம்போல் சாய்ந்தன, யாரும் எதுவும் சொல்லவில்லை. மாவு தன் ஓரத் துண்டை எடுத்து, "கை முடியாம கிடக்கா, பாவம்" என்று எக்ஸ்ரேக்கு ஊட்டினாள். நீட்டுவும் பாவம் என்று நினைத்துத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து எக்ஸ்ரேயின் வாயருகே நீட்டினாள்.

மாவு அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இடது கை நல்லாத்தானே இருக்கு அவளுக்கு? அவளே எடுத்துச் சாப்பிடுவா."