அருளப்பு அண்ணையின் கறுப்புப் பொலித்தீன்

போதுமான நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். செவன் கிங்ஸ் பொதுத்தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தி வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அருளப்பு அண்ணைக்கு அஞ்சலி எழுதி முடித்துவிட்டீர்கள். இனி நான்.

செய்தி வந்தபோது பஸ்ஸில் நின்றிருந்தேன். "அண்ணை காலமை போயிட்டார்" என்று தோட்டச் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்குத் துக்கத்துக்கு முன் பயம்தான் வந்தது: அவருடைய பூசணிப் பாத்தியை இனி யார் பார்ப்பது?

மார்ச் குளிரில் நாம் வீட்டுக்குள் முடங்கியிருக்கும்போதே அவர் பாத்தியின்மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்துவிடுவார். வெயிலின் சூட்டைப் பிடித்து அது மண்ணுக்குக் கொடுக்கும்.

"என்ன அண்ணை, மண்ணுக்கும் ஜாக்கெட்டோ?" என்று ஒருமுறை செயலாளர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"நீர் மட்டும் ஹீட்டரைப் போட்டுட்டுப் படுக்கலாமோ தம்பி?"

அன்று சிரித்தவர்கள்தான் பிறகு, குப்பைமாதிரிக் கிடக்கிறதென்று முறையிட்டார்கள். இன்று அவர்களுடைய அஞ்சலிகளே மிக நீளம்.

அண்ணையும் புனிதரல்ல. பொலித்தீன் பறக்காமலிருக்க எங்கள் பலருடைய செங்கற்களைக் கேட்காமலே எடுத்தார். நான் சத்தம் போட்டேன். "கல்லுத்தானே ஐசே, மண் சூடானாப் பிறகு தாறன்" என்றார். தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஆனால் ஒரு ஏப்ரல் வெயிலை நம்பி நான் கன்று நடப்போனபோது, என் புறங்கையைப் பிடித்து என் பாத்தியில் வைத்தார்; சில்லென்றிருந்தது. பிறகு தன் பொலித்தீனுக்கடியில் வைத்தார்; அங்கே இளஞ்சூடு. "வெயில் பொய் சொல்லும். மண்ணைத் தொட்டுப் பாரும்." அன்று நான் நடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்: தொட்டுப் பாராமல் எதையும் நம்புவதில்லை, உங்கள் அஞ்சலிகளையும்.

அவர் முளைக்கவைத்த பூசணிக் கன்றுகள் இப்போது அவர் மனைவி திரேசா அக்காவின் குசினி யன்னலில் நிற்கின்றன. "வேர் சட்டிக்கு வெளியாலை வந்திட்டுது தம்பி. எப்ப கொண்டு வாறது?" என்று நேற்றுக் கேட்டார். இப்ப ஏலாது, மண்ணுக்குச் சூடு காணாது என்றேன். பொழுதுபடும்போதெல்லாம் உறைபனி வருமோ என்று வானத்தைப் பார்க்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நீங்கள் அவர் இந்த வருடமும் விரித்துவைத்த அந்தப் பொலித்தீனை உரித்து, அண்ணையின் நினைவாகப் பூப்பாத்தி போடப்போகிறீர்களாம். உரித்தால் மண் மறுபடி குளிர்ந்துவிடும். அந்தக் கன்றுகளுக்கு வேறு இடமில்லை. மே நடுப்பகுதியில் அவை மண்ணில் இறங்கும்வரை தொடாதீர்கள். பூவுக்கு வேலியோரம் போதும்.

பெயரைப் போட்டால், இவனுக்கு எல்லோரோடும் சண்டைதானே என்று பாதியிலேயே விட்டுவிடுவீர்கள். பிறகு சனிக்கிழமை பொலித்தீன் போய்விடும். ஆகவே பெயர் எழுதாமலே இதைத் தோட்டக் கொட்டகைக் கதவில் ஒட்டப்போகிறேன்.