தாய்மாமனுக்கு நான் போட்ட அடைமொழி

எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டு நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் மூடியைத் திறந்து, தாளை இழுத்துவிட்டு, மூடியை மூடுவேன். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு பல வருடமாகக் 'கம்ப்யூட்டர் தெரிந்த அக்கா' என்ற பெயரோடு காலம் தள்ளிவிட்டேன். நாளடைவில் நானே அதை நம்பத் தொடங்கியதுதான் வினை.

மகள் கல்யாணம் முடிவானதும் அழைப்பிதழ் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கணவர், "கடையில குடுத்திடலாமே லா" என்றார். நான் பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கார்டில் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வரி இருந்தது. அது என் அண்ணன் பெயர்.

அண்ணன் பாலோ என்ற ஊரில் இருக்கிறார். நாங்கள் சிம்பாங் ரெங்கம். அப்பா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். அவர் இறந்ததும், பதினாறாம் நாள் காரியத்தை மகன் வீட்டில் வைப்பதா மகள் வீட்டில் வைப்பதா என்று ஆரம்பித்த பேச்சு, வந்தவர்கள் முன்னாலேயே கத்தலாக முடிந்தது. அதோடு போக்குவரத்து நின்றது. பக்கத்து டவுனான குளுவாங்குக்குச் சாமான் வாங்கப் போவேன். அங்கிருந்து பாலோ திரும்பும் சாலை கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாலை என்ன பாவம் செய்தது என்று கணவர் கேட்பார்.

ஆனால் தாய்மாமன் இல்லாமல் எப்படிக் கல்யாணம் நடக்கும்? "மாமா வரலன்னா நான் யார் கையப் பிடிச்சுக்கிட்டு மேடை ஏறுவேன்?" என்று மகள் கேட்டாள். கணவர்தான் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "முதல் கார்டு என் வீட்டுக்கு வரணும். தாய்மாமன் பேரு மேல இருக்கணும். பாக்கலாம்." எங்கள் குடும்பத்தில் 'பாக்கலாம்' என்றால் பாதிக் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். மீதிக் கதவைத் திறக்க இந்தக் கார்டு போதும் என்று நினைத்தேன்.

கார்டை வடிவமைத்தது மாப்பிள்ளையின் அக்கா. சிங்கப்பூரில் டிசைன் வேலை பார்ப்பவள். சீனப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசுவாளே தவிர வாசிக்க வராது. வேறு யாரையோ வைத்துத் தமிழ் வாசகங்களைத் தட்டச்சு செய்து, என்னைச் சரிபார்க்கச் சொல்லி மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் டாலர் குறியும், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏதேதோ எழுத்துகளும் வரிசை வரிசையாக நின்றன. சோற்றில் சரளைக் கல்லைக் கொட்டியது போல இருந்தது. அவளுடையது மேக், என்னுடையது விண்டோஸ். பழைய தமிழ் எழுத்துரு ஒன்று அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. போன் செய்தேன். எழுத்துருவையும் அனுப்பினாள். அது மேக்குக்கு மட்டும் ஆனதாம். என் கணினி அதைத் தொடவே மாட்டேன் என்றது.

"ஆன்ட்டி, பி.டி.எஃப் ஆக்கி அனுப்பட்டுமா? ஈசி லா."

"வேணாம்மா. எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

உட்கார்ந்து ஆராய்ந்தேன். நடுவில் பெரிதாக இருந்தது மகள் பெயர்தான். அதிலிருந்து தொடங்கி எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்தக் குறி என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றாகப் பிடிபட்டபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அலமாக்! நீ இருக்க வேண்டிய இடமே வேற" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'அமரர்' இருந்தது. என் அப்பாவின் பெயருக்கு முன்னால் இல்லை. போனவரை உயிரோடு இருப்பவர் போலப் போட்டால் அண்ணன் சும்மா விடுவாரா? அந்தத் தாத்தாவின் 'அமரரை' நகலெடுத்தேன். தேடும் பெட்டியில் அப்பாவின் பெயருக்கான குறிகளைப் போட்டுத் தேடினேன். கிடைத்தது. முன்னால் ஒட்டினேன். சேமித்து அனுப்பினேன். "ஃபைனலா ஆன்ட்டி?" "ஃபைனல்."

அச்சுக்கு முன் கார்டின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது, நல்ல தமிழில், தங்க நிறத்தில். பிள்ளையாரைப் பார்த்தேன். மண்டபத்தின் பெயரைப் பார்த்தேன். என் பெயரைப் பெரிதாக்கி இரண்டு தரம் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது.

கார்டு பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமையே தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம், பெக்கான் நானாஸிலிருந்து வாங்கிய அன்னாசி எல்லாம் வைத்துப் பாலோ போனோம். முதல் கார்டு தாய்மாமனுக்கு என்பதால் பெட்டியிலிருந்து வேறு ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அது எனக்குத் தைரியம் தந்தது. தட்டை நீட்டினோம். அவர் தட்டைத் தொடாமல் கார்டை மட்டும் எடுத்து, அண்ணிக்கும் கேட்கட்டும் என்று உரக்க வாசித்தார். தாய்மாமன் வரி மேலேயே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுத் தாலியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்களுக்குப் பெயர் என்றால் முன்னால் அப்பா பெயரும் சேர்ந்தே வரும். அண்ணன் பெயரும் அப்பா பெயரில்தான் ஆரம்பிக்கிறது. மேலே இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதால், தேடியபோது முதலில் அகப்பட்டது அவர் வரி. அப்பா கீழே, பேத்தி வரியில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். அண்ணனுக்கு நான் அமரர் பட்டம் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, அது வந்து, மேக்கு… விண்டோசு… எழுத்துரு…" என்று உளறினேன். கணவர் அன்னாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து உள்ளே போய்விடுவார், என் மகள் யார் கையையும் பிடிக்காமல்தான் மேடை ஏறப் போகிறாள் என்று நினைத்தேன்.

அண்ணன் கார்டை மடித்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"அப்பா போனதுல இருந்து உனக்கு நான் இப்படித்தானம்மா இருந்தேன். இன்னைக்கு அச்சடிச்சுக் கொண்டாந்திருக்க."

நான் அழுதுவிட்டேன். கல்யாண வீட்டுக்காரி அழக்கூடாது என்று அண்ணி அதட்டியும் நிற்கவில்லை. அண்ணன் என் கையிலிருந்த தட்டை வாங்கி அண்ணியிடம் கொடுத்தார். "மத்தவங்களுக்கு மாத்தி அடிச்சிரு. இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாற்றி அடித்தோம். இந்த முறை பி.டி.எஃப் கேட்டு வாங்கினேன். வாசித்தவர் என் கணவர். என்னைக் கிட்டே விடவில்லை.

கல்யாணத்தன்று காலை, அண்ணன் இன்னும் புறப்படவில்லையோ என்று மண்டப வாசலில் தவித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சீர்த் தட்டெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு" என்றது அண்ணன் குரல். "அமரர் கிளம்பிட்டாருன்னு பிள்ளைகிட்ட சொல்லு."